பதினோரு சாண்

போன வாரம் எங்கள் வீட்டுக்கு ஓர் அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. மூன்றடி ஐந்து அங்குல நீளம். அதைச் சுற்றி நான்கு பிளாஸ்டிக் பட்டைகள், ஒன்று அறுந்திருந்தது. கூடவே கனமான இன்னொரு பெட்டி. அதை இரண்டு பேர் பதினெட்டுப் படி ஏற்றி மொட்டை மாடியில் வைத்தார்கள். ஏ.சி.யாம். என் அறைக்கு. நான் கேட்கவில்லை. கோடை வந்தால் எனக்கு மூச்சு வாங்குகிறது, ராத்திரியெல்லாம் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன் என்று என் மகன் குமரன் தானாகவே முடிவு செய்து வாங்கிவிட்டான்.

"எந்தச் சுவத்துல மாட்டப் போறே?" என்று கேட்டேன்.

"உன் கட்டிலுக்கு மேலப்பா. வேற எங்க எடம் கீது?"

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சுவருக்குள் ஒரு மின்சாரக் குழாய் சாய்வாகப் போகிறது. எங்கே போகிறது என்பது எழுத்தில் இருக்கிறது, நோட்டும் என் பீரோவில்தான் இருக்கிறது. ஆனால் அந்த எழுத்தை அளந்து காட்டக்கூடிய ஆள் இப்போது இல்லை. டிரில் போடுகிறவன் அந்தக் குழாயில் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை பார்த்திருக்கிறேன். அதையும் சொல்கிறேன். நான் நேராக விஷயத்துக்கு வருகிற ஆள் இல்லை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைப் பிரித்ததும் புதுப் பிளாஸ்டிக் வாசனை அறை முழுக்கப் பரவியது. எனக்கு அந்த வாசனை என்றால் எத்திராஜ்தான். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் திருவொற்றியூரில் இந்த வீட்டைக் கட்டியபோது வயரிங் வேலை செய்த எர்ணாவூர்க்காரர். குழாயை வளைக்க வேண்டுமென்றால் பழைய செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்துவார். அந்தத் தீயில் குழாயைக் காட்டி, இளகியதும் முழங்காலில் வைத்து மெல்ல அழுத்துவார், குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது மாதிரி. வீடு முழுக்க அந்தக் கருகல் வாசனை. கஸ்தூரி, என் மனைவி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பாள்.

எத்திராஜுக்கு முன்னால் ராயபுரத்தைச் சொல்லிவிட வேண்டும். கல்யாணமான புதிதில் நானும் கஸ்தூரியும் அங்கே ஒரு ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தோம். ஒரே வாசல், ஏழு குடித்தனம், இரண்டு தண்ணீர்க் குழாய். அங்கே மின்சாரம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி போகும். சுவரில் மரச் சட்டம் அடித்து, அதன்மேல் கறுப்பு வயரை ஓட்டி, நாலு விரல் இடைவெளிக்கு ஒரு தகரக் கிளிப் மாட்டியிருப்பார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். பல்லி அந்தச் சட்டத்தின் மேல் ரயில் மாதிரி ஓடும். எங்கள் அறையில் மொத்தம் நூற்றுப் பதினேழு கிளிப்புகள். ஞாயிற்றுக்கிழமை மதியம் பாயில் படுத்துக்கொண்டு எண்ணுவேன். ஒருநாள் நூற்றுப் பதினாறுதான் வந்தது. மறுபடி எண்ணினேன், அதேதான். ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தால் மூலையில் ஒரு கிளிப்பைக் கடல் காற்று தின்றுவிட்டிருந்தது. துரு மட்டும் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அங்க தான் மூட்டைய எண்ணிகினு கீறே. வூட்டுக்கு வந்தும் எதுனா எண்ணிகினே இருக்கணுமா" என்றாள் கஸ்தூரி.

அவள் சொன்னதில் தப்பில்லை. துறைமுகத்தில் ஒரு ஏஜென்ட் கம்பெனியில் நான் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணுவதுதான் வேலை. நாலு மூட்டைக்கு நாலு நேர்க்கோடு, ஐந்தாவது மூட்டைக்கு அந்த நாலையும் வெட்டிக் குறுக்கே ஒரு சாய்கோடு. இப்படி முப்பத்து மூன்று வருஷம். இப்போது எல்லாம் கண்டெய்னர். உள்ளே என்ன இருக்கிறதென்று யாரும் எண்ணுவதில்லை, பெட்டியின் நம்பரைப் பார்த்துக்கொள்கிறார்கள். வேலை போய்விட்டது, பழக்கம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. பேருந்தில் உட்கார்ந்தால் ஜன்னல் கம்பி, ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தால் மின்விசிறி.

என்னோடு பாலு என்று ஒருவன் டாலி எழுதிக்கொண்டிருந்தான். எங்கள் கம்பெனிக்குப் புது ஆபீஸ் அறை கட்டினார்கள். சுவரில் வயரே தெரியாது. எல்லாம் உள்ளே. வழவழவென்று இருந்த சுவரை நாங்கள் எல்லோரும் தடவிப் பார்த்தோம். அவ்வளவு பெருமை. பாலு காலண்டர் மாட்ட ஆணி எடுத்தான். கண்ணுக்கு லட்சணமாக, சுவிட்சுக்கு நேர் மேலே ஒரு முழ உயரத்தில் வைத்து அடித்தான். நாலாவது அடியில் அவனை யாரோ பிடித்துத் தள்ளியது மாதிரி பின்னால் வந்து என் மேஜையில் விழுந்தான். சுத்தியல் மூலையில் கிடந்தது. பிழைத்துக்கொண்டான். ஆனால் வலது கையில் கடைசி இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. இடது கையால் டாலி எழுதப் பழகினான். அவன் போடுகிற சாய்கோடு மட்டும் அன்றிலிருந்து எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். ஷீட்டைப் பார்த்தாலே பாலு எழுதியது என்று தெரிந்துவிடும்.

பிறகுதான் விஷயம் தெரிந்த ஒருவர் எங்களுக்குச் சொன்னார். சுவருக்குள் போகிற குழாய் சுவிட்ச் பெட்டியிலிருந்து நேர் மேலே போகும், இல்லாவிட்டால் நேர் பக்கவாட்டில் போகும். அந்த இரண்டு பாதையிலும் ஆணி அடிக்காமல் இருந்தால் போதும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எங்கே இருக்கும் என்று ஊகித்துவிடலாம். அதற்காகத்தான் நேராகப் போடுகிறார்கள். குழாய் சாய்வாகப் போனால் யாராலும் ஊகிக்க முடியாது.

அதனால் எங்கள் வீட்டு வேலை ஆரம்பித்தபோது எத்திராஜிடம் மூன்று நிபந்தனை போட்டேன். குழாய் நேராகத்தான் போக வேண்டும். சுவரில் வெட்டுகிற காடி ஆழமாக இருக்க வேண்டும், குழாய்க்கு மேல் இரண்டு விரல் கனத்துக்குப் பூச்சு நிற்க வேண்டும். கொத்தனார் மூடுவதற்கு முன்னால் ஒவ்வொரு லைனையும் நான் அளந்து எழுதிக்கொள்வேன்.

எத்திராஜ் பீடியை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டுக்கொண்டார். "சார், நீ மூட்டைய எண்ணு. கரண்ட்ட என்கிட்ட வுடு" என்றார்.

பத்து நாள் எல்லாம் நேராகத்தான் போயிற்று. பதினோராவது நாள் நான் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் படுக்கையறையில் எட்டிப் பார்த்தேன். சுவரில் குறுக்கே ஒரு வெட்டு. கதவோரம் இருக்கிற சுவிட்ச் பெட்டியில் ஆரம்பித்து, மேலே போகப் போக ஜன்னல் பக்கமாகச் சாய்ந்து போகிறது. சிவப்புச் செங்கல் தெரிய, டாலி ஷீட்டின் ஐந்தாவது கோடு மாதிரி.

"இன்னா எத்திராஜ் இது?"

"கதவு மேல காங்கிரீட்டு சார். நேரா கொத்தினா உளி தான் ஒடையும். சாச்சி எடுத்துகினு போயி, காங்கிரீட்டத் தாண்டினதும் வளச்சி நேரா மேல ஏத்திடறேன். பயந்துக்காத. குழாய் மேல இரும்புப் பட்ட வெச்சி மூடிடறேன். எவனாச்சும் ஆணி அடிச்சா ஆணி தான் வளையும்."

"வெச்சிடுவியா?"

"வெக்கறேன்னா வெக்கறேன். சும்மா பேஜாரு பண்ணாத சார்."

எனக்கு அன்று அரிசிக் கப்பல். ஆள் குறைவு, மூன்று ஷிப்டு தொடர்ந்து வீடு திரும்ப முடியாது. கஸ்தூரியிடம் சொல்லிவிட்டுப் போனேன். குழாய் வளைகிற இடத்தை மட்டும் சரியாக அளந்து எழுதிவை, இரும்புப் பட்டை வைக்கிறாரா என்று பக்கத்தில் நின்று பார். இரண்டு வேலை. நான் நூறு முறை சொன்னதாக அவள் பிற்பாடு சொல்வாள். மூன்று முறைதான் சொன்னேன்.

திரும்பி வந்தபோது சுவர் பூசியாகியிருந்தது. ஈரம் காயவில்லை. சாய்வாக வெட்டின சுவர் விரிசல் விடும் என்று கொத்தனார் தன் புத்திக்கு அந்தச் சுவர் முழுக்கக் கோழிவலை அடித்து, அதன்மேல் பூசியிருந்தார்.

"பட்டை வெச்சாரா?" என்றேன்.

"நான் பால் வாங்கப் போயிருந்தேன். வந்து பாத்தா பூசிகினு இருக்காங்க. வெச்சேன்னு தான் எத்திராஜண்ணன் சொல்லிச்சி."

சொல்லிச்சி. அன்றிலிருந்து இருபத்தெட்டு வருஷம் நான் எத்திராஜை நம்பவில்லை.

"அளந்தியா?"

"அது மொத நாளே அளந்துட்டேன்."

நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டை நீட்டினாள். அவள் கையெழுத்து, உருண்டையாக, ஒவ்வோர் எழுத்தும் குளித்துவிட்டு வந்தது மாதிரி. "பட்க ரூம். ஜன்னல் மூலைலேர்ந்து பதினோரு சாண். மேலேர்ந்து ரெண்டு சாண். அங்க வளையுது."

"சாணா? டேப் எங்க?"

"கொத்தனார் எடுத்துகினு பூட்டாரு."

"யாரோட சாண்?"

"என்னோடது தான். உன் சாணுக்கு நீ எங்க இருந்தே, கப்பல்ல இருந்தே."

எனக்குக் கோபம். இதெல்லாம் ஓர் அளவா, அங்குலத்தில் எழுத வேண்டாமா என்று கத்தினேன். அவள் சுவரில் பட்ட சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள்: "டேப்பு தான் தொலைஞ்சி பூடும். என் கை எங்கயா பூடப் போவுது?"

நோட்டைப் புரட்டினேன். அந்தச் சுவரில் சுவிட்ச் பெட்டி எங்கே, ஜன்னல் எவ்வளவு அகலம், ஒன்றும் இல்லை. அதையாவது எழுதியிருந்தால், இப்போது அளந்து பார்த்து அவள் சாண் எத்தனை அங்குலம் என்று வகுத்துவிடலாம். அதையும் அன்றைக்கே கேட்டேன். "கண்ணுக்குத் தெரியறத எதுக்கு எழுதணும்?" என்றாள். மறைந்து போகிறதை மட்டும்தான் எழுதியிருந்தாள்.

அன்றைக்கே ஒரு ஸ்கேலை எடுத்து அவள் கையை அதன்மேல் வைத்து, ஓரத்தில் ஓர் எண்ணை எழுதியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. ராயபுரத்தில் கிளிப்பை எண்ணியவனுக்கு, சொந்தப் பெண்டாட்டியின் கையை அளக்கத் தோன்றவில்லை. அவள் பக்கத்திலேயே இருந்தாள், அதனால் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஏற்பாடு நன்றாகத்தான் நடந்தது. அந்தச் சுவரில் யார் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் முதலில் கஸ்தூரியைக் கூப்பிட வேண்டும். அடுப்படியிலிருந்து கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வருவாள். மூலையில் கட்டைவிரலை வைப்பாள். சுண்டுவிரல் போய் விழும், கட்டைவிரல் அதைப் பிடிக்க வரும், மறுபடி சுண்டுவிரல் போகும். செடியில் ஊர்கிற பச்சைப் புழு மாதிரி சுவரில் அவள் கை நடந்து போகும். வாய் எண்ணாது, உதடு மட்டும் அசையும். ஓர் இடத்தில் நின்று, "இங்க அடி" என்பாள். அங்கே தைரியமாக அடிக்கலாம். ஒரு தடவையும் தப்பினதில்லை. நான் ஸ்டூலில் சுத்தியலோடு நின்று, கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். "கரண்டு உன்ன ஒண்ணும் பண்ணாது. நீ எண்ண ஆரம்பிச்சா அதுவே ஓடிப் பூடும்" என்பாள்.

நோட்டில் பதினான்கு வரிகள் இருந்தன, பதின்மூன்று நான் டேப்பில் அளந்து எழுதியவை. கூடத்தில் வயரிங்கை மாற்றினோம், அடுப்படியில் டைல்ஸ் ஒட்டும்போது எல்லாவற்றையும் புதிதாகப் போட்டோம். ஒவ்வொன்றாகப் பதின்மூன்று வரிகளை அடித்துவிட்டேன். மிஞ்சினது படுக்கையறைச் சுவர் ஒன்றுதான். கஸ்தூரி போய் நாலு வருஷம் இரண்டு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு அந்தச் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்க விடவில்லை. அவள் படத்தைக்கூடக் கூடத்தில்தான் மாட்டியிருக்கிறோம்.

இப்போது அந்தச் சுவரில்தான் ஏ.சி.

நோட்டைக் குமரனிடம் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தான். "ஒரு சாண்னா ஒம்பது இன்ச்சுப்பா. ஸ்கூல்லயே சொன்னாங்க."

"உங்கம்மாவுக்கு ஒன்பது அங்குலம் வராதுடா. எனக்கே எட்டரை தான்."

"பெரிய கை தான்பா. அடி வாங்கினவன் நான், எனக்குத் தெரியாதா" என்று கன்னத்தைத் தடவிக்கொண்டான்.

போட்டோக்களை எடுத்துப் பரப்பினேன். கஸ்தூரி இருக்கிற படங்கள் ஏழு. ஐந்தில் கை முந்தானைக்குள் இருக்கிறது. ஒன்றில் பேரனைத் தூக்கியிருக்கிறாள், விரல்கள் அவன் முதுகுக்குப் பின்னால். கல்யாணப் படத்தில் மாலை மறைக்கிறது. ஏழு படத்திலும் அந்தக் கை இல்லை.

மாத்தூரில் இருக்கிற என் மகள் வசந்திக்குப் போன் செய்தேன். அவள் தையல் மிஷின் வைத்திருக்கிறாள், டேப் எப்போதும் கழுத்தில் கிடக்கும். கையை விரித்து அளந்து சொல் என்றேன்.

"எதுக்குப்பா, மோதிரமா வாங்கித் தரப் போறே?"

"அளந்து சொல்லும்மா."

"ஏழே முக்கால். அம்மா கை அச்சு அசல் எனக்கு தான் வந்திருக்குன்னு நீ தானே சொல்லுவே."

சொல்லியிருக்கிறேன். நானும் கட்டிலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் நடந்த அந்தக் கையை நினைத்துப் பார்த்தேன். என் விரல்களை அந்த அகலத்துக்கு விரித்து ஸ்கேலில் வைத்தேன். ஒருமுறை ஏழரை வந்தது, ஒருமுறை எட்டு. நடுவில் எடுத்தால் ஏழே முக்கால். மகள் சொன்னதும் அதுவே. இரண்டு கணக்கும் ஒத்துப்போனதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. கப்பல் கணக்கும் கிடங்குக் கணக்கும் ஒத்துப்போனால் நாங்கள் கையெழுத்துப் போட்டுவிடுவோம், அந்தப் பழக்கம். பதினோரு சாண், ஏழடி ஒன்றேகால் அங்குலம். அதற்கும் மூன்றங்குலம் ஜன்னல் பக்கமாகத் தள்ளியே, பத்திரத்துக்கு, பென்சிலால் ஒரு கோடு போட்டேன்.

மாட்ட வந்தவன் பெயர் அஸ்லம். வியாசர்பாடிப் பையன், முப்பது வயதிருக்கும், எதற்கும் சிரிக்கிற முகம். ஓர் இரும்பு உடம்பு டிரில், பழசு, பிடியில் டேப் சுற்றியது. அதைப் பார்த்ததும் எனக்குப் பாலுவின் விரல்கள்தான் கண்ணில் வந்தன. சட்டைப் பையிலிருந்து சின்னக் கருவி ஒன்றை எடுத்தான். சுவருக்குள் வயர் இருந்தால் அது கத்துமாம். வைத்த இடமெல்லாம் கத்தியது.

"இன்னா பெர்சு, சொவுரு பூரா கத்துது. வூட்ட இரும்புல கட்னியா?"

"கோழிவலை. சுவர் முழுக்க அடிச்சிருக்கு."

"அப்ப இது வேலைக்கு ஆவாது" என்று பையில் போட்டுக்கொண்டான். "நீயே சொல்லு, எங்க போடலாம்?"

நான் கோட்டைக் காட்டினேன். "இதுக்கு ஜன்னல் பக்கம் எங்க வேணா போடு. கதவுப் பக்கம் போகாதே. ஆனா மெயினை ஆஃப் பண்ணிட்டுத் தான் போடணும்."

"மெயின் ஆஃப் பண்ணா டிரில்லு எதுல ஓடும் நைனா, வாயால ஊதியா?"

அதையும் யோசித்து வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு மீன்கார அம்மாவிடம் முதல் நாளே கேட்டுவிட்டேன். "அவங்க வூட்டு பிளக்லேர்ந்து ஒயர் இழுத்துக்கலாம். சொல்லிட்டேன்."

குமரன் தலையில் கைவைத்துக்கொண்டான். "உடுப்பா. வேல செய்ய உடு அவன."

"நான் இன்னா பச்சப் புள்ளயா பெர்சு? எத்தினி வூட்ல போட்டுகினு கீறேன்."

நான் வாசல்பக்கம் போய் மெயினை இறக்கிவிட்டு, அதற்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். எழுபத்தாறு வயதில் காவல் வேலை. யாரும் வந்து ஏற்றிவிடக்கூடாது. உள்ளே முணுமுணுப்பு கேட்டது, பிறகு சிரிப்பு, பிறகு ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு வயரை இழுக்கிற சத்தம்.

ஆறு துளை போட வேண்டும் என்று அவன் சொல்லியிருந்தான். உட்கார்ந்த இடத்திலிருந்து சத்தத்தை எண்ணினேன். ஒன்று. செங்கலில் இறங்குகிற கரகரப்பு. இரண்டு. மூன்று. நாலாவது கொஞ்சம் கெட்டியாக இருந்தது. ஐந்து. டாலி ஷீட்டாக இருந்தால் ஒரு கட்டு முடிந்தது. ஆறாவது ஆரம்பித்தது. முதலில் கிரீச்சென்று தகரத்தைக் கீறுகிற சத்தம், உடனே அது செத்துப்போய் டிரில் சும்மா சுற்றுகிற சத்தம். பிறகு நிறுத்திவிட்டான்.

அந்தக் கருகல் வாசனை கூடத்தைத் தாண்டி என்னிடம் வந்தது.

உள்ளே போனேன். அஸ்லம் ஸ்டூல் மேலேயே நின்றுகொண்டிருந்தான். டிரில்லின் முனையில் பிளாஸ்டிக் சுருள், அதில் சிக்கின சிவப்பு வயர் நூல். என் கட்டில் விரிப்பில் துரு கொட்டியிருந்தது, பழுப்புத் தகடாக, அப்பளத்தை நொறுக்கின மாதிரி.

"பெர்சு" என்றான், மிகவும் மெதுவாக. "மெயின் ஆஃப்ல தான கீது?"

"ஆஃப் தான். நான் தான் குந்திகினு இருந்தேன்."

அவன் இறங்கி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். தண்ணீர் கேட்டான். குமரன் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். "நீ தானேப்பா சொன்னே, கோட்டுக்கு அந்தப் பக்கம் எங்க வேணா போடுன்னு."

நான்தான் சொன்னேன். அஸ்லம்தான் தண்ணீரைக் குடித்துவிட்டு, "உடு தோஸ்து" என்றான். "மெயின எறக்கச் சொன்னதும் அவரு தான்."

பிறகு பேச்சு வேலையைப் பற்றி மாறிவிட்டது. சுவரை உடைத்துப் பழைய லைனைச் சரிசெய்வதா வேண்டாமா என்று இருவரும் பேசினார்கள். என்னைக் கேட்கவில்லை. அந்தச் சாய்ந்த குழாயை அப்படியே விட்டுவிடுவது, அதன் வயரை இரண்டு முனையிலும் கழற்றிவிடுவது, புது வயரை வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டைக்குள் வைத்துச் சுவருக்கு வெளியேயே ஓட்டுவது என்று முடிவாயிற்று. சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டார்கள். கதவோரத்திலிருந்து நேர் மேலே, பிறகு கூரையோரமாக நேராக. இருபத்திரண்டு திருகாணிகள். ராயபுரத்துக்குப் பிறகு இப்போதுதான் படுத்துக்கொண்டே என் வீட்டு மின்சாரம் எங்கே போகிறதென்று என்னால் பார்க்க முடிகிறது.

விரிப்பில் கொட்டின துருவை ஒரு காகிதத்தில் சேர்த்து எடுத்துவைத்தேன். அது எத்திராஜ் வைத்த இரும்புப் பட்டை. சொன்னபடி வைத்திருக்கிறார். பூச்சுக்குப் போட்ட கடல் மணலின் உப்பும் இந்தக் காற்றும் சேர்ந்து அதைத் தின்றுவிட்டன, வேறொன்றுமில்லை. இருபத்தெட்டு வருஷம் நல்ல மனிதரைத் திருடனாக நினைத்திருக்கிறேன். போய்ச் சொல்லலாம் என்றால் அவர் இறந்து வெகுநாளாகிறது. எர்ணாவூரில் அவர் வீடு இருந்த வரிசையில் இப்போது லாரிகள் நிற்கின்றன. போன தடவை அந்த வழியாகப் போனபோது எண்ணினேன், முப்பத்தொன்று.

எல்லோரும் போன பிறகு டேப்பை எடுத்தேன். ஆறாவது துளையைச் சிமென்ட் வைத்து அடைத்திருந்தார்கள், ஈரம் தெரிந்தது. ஜன்னல் மூலையிலிருந்து அது எத்தனை தூரம் என்று அளந்தேன். ஆறடி ஏழே முக்கால் அங்குலம். குழாய் வளைகிற இடம். பதினோரு சாண். நோட்டின் கடைசிப் பக்கத்தில் வகுத்துப் பார்த்தேன். மீதியில்லாமல் வந்தது.

ஏழே கால் அங்குலம்.

நான் நினைத்துக்கொண்டிருந்ததைவிட அரை அங்குலம் சின்னக் கை. நாலு வருஷத்தில் என் மனதில் அது அரை அங்குலம் வளர்ந்துவிட்டிருக்கிறது. அடி வாங்கின மகனுக்கு இன்னும் பெரிதாக. அந்த அரை அங்குலம் பதினோரு தடவை சேர்ந்து ஒரு மனிதனின் உயிர் வரைக்கும் போய்வந்தது. அவள் எழுதினது சரி. என் ஞாபகமும் மகன் ஞாபகமும்தான் கணக்கில் இடித்தன.

"பதினோரு சாண்" என்ற வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், "கஸ்தூரி சாண் ஏழே கால் அங்குலம்" என்று எழுதினேன். இனி அதை வைத்து அளக்க வேண்டிய லைன் இந்த வீட்டில் ஒன்றுமில்லை. பதினான்காவது வரியையும் அடித்துவிட வேண்டும். பேனாவை மூடிவிட்டேன். அடிக்கவில்லை.

ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கேலில் என் கையை வைத்து, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் ஏழே காலுக்குக் குறுக்கிக்கொண்டேன். அப்படியே எழுந்து போய் ஜன்னல் மூலையில் கட்டைவிரலை வைத்தேன். ஒன்று. சுண்டுவிரல் விழுந்த இடத்துக்குக் கட்டைவிரலைக் கொண்டுவந்தேன். இரண்டு. மூன்று. நாலாவதில் விரல்கள் தானாக அகன்று அளவு விட்டுப்போயிற்று. திரும்பி வந்து ஸ்கேலில் வைத்துச் சரிசெய்துகொண்டு மறுபடி மூலையிலிருந்து ஆரம்பித்தேன். அப்புறம் இன்னொரு முறை.

மூன்று முறை. ஒரு முறையும் நாலைத் தாண்டவில்லை.